பன்றிக்குட்டிகளுக்கு விருந்து வைத்த வேள்

மலையில் பிறந்த தண்ணீருக்காக வயலில் இருப்பவர்கள் அடித்துக்கொண்டிருந்த காலம் அது. எந்தக் காலம் என்று கேட்காதீர்கள். இப்போதும் அப்படித்தானே என்று உங்களில் ஒருவர் சொல்வீர்கள், கதை அங்கேயே நின்றுபோகும். வெகு காலத்துக்கு முன்பு என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

அந்தக் காலத்தில் மலையடிவாரத்து நாடு ஒன்றை நெடுங்கையன் என்ற வேள் ஆண்டுவந்தான். வேள் என்றால் சின்ன அரசன். நாடு சின்னது, மகுடம் அதைவிடச் சின்னது, மனசு மட்டும் பெரியது.

பசு கேட்டு வந்தவனுக்குக் கன்றையும் சேர்த்துக் கொடுப்பான். குடை கேட்டு வந்தவனுக்குத் தேர் கொடுப்பான். தேரை நிறுத்த வீட்டில் இடம் இல்லையே என்று அவன் அழுதால், இடத்தையும் கொடுப்பான். ‘இல்லை’ என்ற சொல் வேளின் வாயில் ஒரு நாளும் வந்ததில்லை என்று பாணர்கள் ஊர் ஊராகப் பாடினார்கள். அதைக் கேட்கக் கேட்க வேளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. யாருக்குத்தான் குளிராது?

ஆனால் அவன் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து எழுந்தவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். ‘போதும்’ என்று விருந்தாளி சொன்னால், மரியாதைக்குச் சொல்கிறான் என்று வேள் நினைத்துக்கொள்வான். விருந்தாளி இலையை மறைத்துக் கையை விரித்தால், கைமேல் சோறு விழும். இலையை மடித்தால் புது இலை வரும். தானாக எழுந்து நடந்து போனவர்களைவிட, இரண்டு பேர் தோள்கொடுத்துக் கூட்டிப்போனவர்களே அதிகம். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சொல்ல ஒரு பெரியவர் ஒருமுறை வாயைத் திறந்தார். திறந்த வாயில் ஒரு அதிரசம் போனது. அதற்குப் பிறகு அந்தப் பழமொழியை அந்த நாட்டில் யாரும் எடுக்கவில்லை.

வேளின் மனைவி மருதி மட்டும் கெட்டிக்காரி. பந்திப் பக்கமே வரமாட்டாள். அடுக்களையிலேயே நாலு வாய் மோர்ச்சோறு தின்றுவிட்டுத் தப்பித்துக்கொள்வாள்.

இப்படி இருக்கும்போது ஒரு வருஷம் மழை ஏமாற்றியது. நாற்று வெளுத்தது. வயல் வெடித்தது. மலையிலிருந்து இறங்கும் ஓடை ஒன்றுதான் கதி. அந்த ஓடையையோ மலைத்தலைவி எயினி பாறையைப் புரட்டிப் போட்டு அடைத்து வைத்திருந்தாள்.

வேள் தனக்குத் தெரிந்த வழியில் போனான். பொன் அனுப்பினான், அது திரும்பி வந்தது. பட்டு அனுப்பினான், அதுவும் திரும்பி வந்தது. யானை அனுப்பினான், அது மலையில் கொஞ்சம் மூங்கில் தின்றுவிட்டுத் திரும்பி வந்தது.

நான்காவதாக எதை அனுப்புவது என்று வேள் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது எயினியே இறங்கி வந்தாள். கையில் பெரிய மூங்கில் கூடை. கூடைக்குள் ஒரே கீச்சல். மூடியைத் திறந்தால், பன்றிக்குட்டிகள்.

“வேளே, இதுங்களைத் தாய்கிட்டேருந்து நேத்துத்தான் பிரிச்சோம்,” என்றாள் எயினி. “எங்க மலையில ஒரு வழக்கம் இருக்கு. யாரையாவது நம்பி ஒண்ணைக் கொடுக்கிறதுக்கு முன்னால, பால் மறந்த குட்டிகளை அவங்க கையில கொடுத்துப் பார்ப்போம். நீ உன் கையாலயே ஊட்டி வளக்கணும். அடுத்த பௌர்ணமிக்கு வருவேன். எல்லாம் உசிரோட ஓடியாடிட்டு இருந்தா ஓடைத் தண்ணி உனக்கு. ஒண்ணு குறைஞ்சாலும் பாறை பாறையாவே கிடக்கும்.”

வேள் வாய்விட்டுச் சிரித்தான். “தாயி, ஊருக்கே ஊட்டின கை இது. பன்னிக்குட்டிக்கு ஊட்டத் தெரியாதா? கண்டிப்பா வளக்குறேன்.”

“பார்ப்போம்,” என்றாள் எயினி. அவள் சிரிக்கவில்லை.

அவள் தலை மறைந்ததும் வேள் சமையற்காரர்களைக் கூப்பிட்டான். சம்பா அரிசிச் சோறு வடித்தார்கள். சோற்றின்மேல் எருமைப்பால், பாலின்மேல் நெய், நெய்யின்மேல் வெல்லப்பாகு. ஓர் அண்டா நிறைய வந்து இறங்கியது.

மருதி எட்டிப் பார்த்தாள். “என்னங்க, நேத்து வரைக்கும் தாய்ப்பால் குடிச்ச வயிறு அது.”

“அதனாலதான் மருதி, பாவம், இதுங்களுக்கு நெய்யோட ருசியே தெரியல,” என்றான் வேள்.

குட்டிகள் முதலில் மோந்து பார்த்தன. பிறகு மூக்கை விட்டன. பிறகு அண்டாவுக்குள்ளேயே இறங்கிவிட்டன. நின்றுவிட்ட குட்டியை வேள் தூக்கி மறுபடி சோற்றின்முன் விட்டான். தலையைத் திருப்பிய குட்டியின் வாயில் ஒரு உருண்டையை வைத்தான். வயிறெல்லாம் மத்தளமாக உப்பிய குட்டிகளைப் பார்த்துவிட்டு, மனம் நிறைந்து படுக்கப் போனான்.

மறுநாள் காலையில் கொட்டகையில் கண்டதை நான் விவரமாகச் சொன்னால் உங்களில் பாதிப் பேர் சாப்பாட்டைத் தொடமாட்டீர்கள். கழிச்சல். ஒரு குட்டி விடாமல் கழிச்சல். வாலைச் சுருட்டித் திரிந்த குட்டிகள் எல்லாம் வால் தொங்கிக் கிடந்தன.

அரண்மனை மருத்துவர் ஓடிவந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு தொண்டையைக் கனைத்தார். “லங்கணம் பரம ஔஷதம்,” என்றார். பட்டினி போடுங்கள் என்று அர்த்தம். பன்றியைத் தொட்டுப் பார்க்காமலே சொல்லக்கூடிய மருந்து அது ஒன்றுதான்.

ஊட்டியே பழகிய மனிதனுக்குப் பட்டினி போடத் தெரியுமா? குட்டிகள் கத்தின. வேள் காதைப் பொத்திக்கொண்டு அங்குமிங்கும் நடந்தான். இன்னும் கத்தின. தலையணையைத் தலைமேல் வைத்துக்கொண்டு அழுதான். பொழுது சாயும்வரை பொறுத்தான். அதற்குமேல் முடியாமல் ஒரு பானைக் கஞ்சியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினான்.

பானை வாய் குறுகல். பசியோ பெரிது. முரட்டுக் குட்டி ஒன்று தோளால் இடித்து, தலையை உள்ளே விட்டது. விட்ட தலையை எடுக்கவே இல்லை. அதன் பின்னால் இன்னொன்று. அதன்மேல் இன்னொன்று. எல்லாவற்றிலும் சிறியதாக ஒரு கடைக்குட்டி இருந்தது. அது ஒருமுறை முட்டிப் பார்த்தது, மற்றவை தள்ளிவிட்டன. இன்னொருமுறை முட்டிப் பார்த்தது, மிதித்துவிட்டன. மூன்றாம் முறை அது முட்டவில்லை. மூலையில் போய்ப் படுத்துக்கொண்டது.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். பானை முன்னால் அந்தப் பேச்சு எடுபடாது. அங்கே இடித்த பிள்ளைதான் குடிக்கும்.

அடுத்த நாள் கடைக்குட்டி கத்தவும் இல்லை. வேள் அதைத் தூக்கினான். கையில் ஒரு கந்தல் துணியின் கனம்கூட இல்லை. காது சில்லிட்டிருந்தது. அந்த நேரத்தில் வேளுக்கு வயலும் ஞாபகம் இல்லை, ஓடையும் ஞாபகம் இல்லை, எயினியும் ஞாபகம் இல்லை. என் கையால் ஒரு உயிர் போகிறதே என்ற பயம் மட்டும்தான் இருந்தது. சாகும்வரை கொடுத்துக்கொண்டே இருந்தவன் என்று பெயர் எடுக்க ஆசைப்பட்டவன் அவன். கொடுத்தே சாகடித்தவன் என்ற பெயரை யார் கேட்டார்கள்?

வேள் வீட்டுக் கொல்லையில் சொந்தப் பன்றி ஒன்று கொஞ்ச நாள் முன்புதான் குட்டி போட்டிருந்தது. அதனிடம் ஒரு வாய் பால் கேட்டுப் பார்ப்போம் என்று, கடைக்குட்டியை மேலாடையில் சுருட்டிக்கொண்டு வேள் பட்டிக்குள் நுழைந்தான். தாய்ப்பன்றிக்கு வள்ளல் யார், வழிப்போக்கன் யார் என்ற வித்தியாசம் தெரியாது. ஒரு உறுமல்தான். அடுத்த நொடி வேள் மண்சுவரின்மேல் இருந்தான். எப்படி ஏறினான் என்று அவனுக்கே தெரியாது.

இறங்க முடியாது, கீழே அது முறைத்துக்கொண்டு நிற்கிறது. சுவருக்கு மறுபக்கம் ஒன்று இருப்பதே பயத்தில் அவனுக்குத் தோன்றவில்லை. ஆகவே மடியில் கடைக்குட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்திருந்ததால் பார்த்தான். நாட்டை ஆள ஆரம்பித்த பிறகு, எதையும் கொடுக்காமல் சும்மா உட்கார்ந்து பார்ப்பது அவனுக்கு அதுதான் முதல் தடவை.

பன்றி பக்கவாட்டில் சரிந்து படுத்தது. “உர்... உர்... உர்...” என்று மெல்லக் கூப்பிட்டது. எங்கெங்கோ மண்ணைக் கிளறிய குட்டிகள் எல்லாம் ஓடிவந்தன. ஒவ்வொன்றும் தன் தன் காம்பைத் தேடிப் பிடித்தது. பெரியதுக்கு ஒரு இடம், சிறியதுக்கு ஒரு இடம். மாறிப் பிடித்த குட்டியைச் சொந்தக்காரக் குட்டி முட்டி விரட்டியது. பன்றி கூப்பிடுகிற வேகம் கூடியது. பால் இறங்கியது. எல்லாக் குட்டிகளும் ஒன்றாகக் குடித்தன. குடிக்க ஆரம்பித்தன என்று வேள் நினைப்பதற்குள் பன்றி வயிற்றை மூடிக் குப்புறத் திரும்பிப் படுத்துவிட்டது.

குட்டிகள் கத்தின. பன்றி கண்ணை மூடிக்கொண்டது.

‘இவ்வளவுதானா? சரியான கஞ்சப் பன்றி,’ என்று வேளுக்குக் கோபம் வந்தது. பெற்ற பிள்ளைக்குக்கூட வயிறு முட்டக் கொடுக்காத ஜன்மமா என்று முணுமுணுத்தான். ஆனால் கொஞ்ச நேரம் போனது, பன்றி மறுபடி சரிந்தது, மறுபடி கூப்பிட்டது, மறுபடி கொடுத்தது, மறுபடி மூடியது. வெயில் உச்சிக்கு வரும்வரை இதே கூத்து.

அது ஒரு தடவையும் வயிறு முட்டக் கொடுக்கவில்லை. ஒரு தடவையும் பட்டினி போடவில்லை. ஒருவனைத் தள்ளிவிட்டு இன்னொருவனுக்குக் கொடுக்கவில்லை. அதன் குட்டிகளோ கொழுகொழுவென்று மின்னின.

மடியில் கிடந்ததை வேள் ஒருமுறை பார்த்தான். பட்டியில் இருந்ததை ஒருமுறை பார்த்தான். வெட்கத்தில் அவன் முகம் சிவந்தது. சுவரின் மறுபக்கம் குதித்து ஓடினான்.

“மருதி, அண்டா வேண்டாம். பானை வேண்டாம். நீளமா ஒரு மரத்தைப் பிளந்து, ஆழமில்லாம குடைஞ்சு கொடுக்கச் சொல்லு. எல்லாரும் பக்கத்துல பக்கத்துல நிக்கணும்.”

மரத்தொட்டி வந்தது. மருதி நொய்யரிசியைக் குழையக் காய்ச்சி, ஒரு கல் உப்புப் போட்டு, தண்ணீராகக் கரைத்துக் கொடுத்தாள். வேள் விரலை விட்டு, இளஞ்சூடுதானா என்று பார்த்தான். தொட்டியின் அடி நனைகிற அளவுக்கு மட்டும் ஊற்றினான். குடிக்கத் தனியாக நல்ல தண்ணீர் வைத்தான். தரையைக் கழுவி, காய்ந்த வைக்கோல் பரப்பினான்.

எல்லாம் தயார். குட்டிகள்தான் வரவில்லை. விருந்தாளியைக் கூப்பிடுவது போல “வாங்க, வாங்க” என்றான், ஒன்றும் திரும்பவில்லை. கையைத் தட்டினான், மூலைக்கு ஓடின. வேறு வழி இல்லை. நாடாளும் வேள் வைக்கோலில் மண்டிபோட்டு, வாயைக் குவித்து, “உர்... உர்... உர்...” என்றான்.

அவ்வளவுதான், குட்டிகள் காதை விடைத்துக்கொண்டு ஓடிவந்தன. ஈட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு காவலர்களும் ஓடிவந்தார்கள். வந்து பார்த்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் திரும்பிப் போனார்கள்.

எழுந்து நிற்க முடியாத கடைக்குட்டிக்கு வேள் கஞ்சியில் விரலை நனைத்து நீட்டினான். அது நக்கவில்லை. மறுபடி நனைத்து நீட்டினான். மூன்றாம் முறை நுனிநாக்கு வெளியே வந்தது. வேளின் கண்ணில் நீர் வந்துவிட்டது.

தொட்டி காலியானது. குட்டிகள் நிமிர்ந்து பார்த்துக் கத்தின. வேளின் கை தானாக அகப்பைக்குப் போனது.

“கையை எடுங்க,” என்றாள் மருதி.

“ஒரே ஒரு அகப்பை, மருதி. முகத்தைப் பாரு.”

“அந்தத் தாய்ப்பன்னி என்ன செஞ்சுதுன்னு சொன்னீங்க?”

“திரும்பிப் படுத்துக்கிச்சு.”

“அப்போ நீங்களும் படுங்க.”

வேள் வைக்கோலில் குப்புறப் படுத்தான். குட்டிகள் முதுகில் ஏறி நடந்தன. ஒன்று காதை இழுத்தது. ஒன்று மகுடத்தைச் சப்பிப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். போர்க்களத்தில் அம்பு பட்டபோதுகூட அவன் அவ்வளவு கஷ்டப்பட்டதில்லை என்று பிற்பாடு அவனே சொன்னான். கத்திப் பார்த்த குட்டிகள் சலித்துப்போய், ஒன்றன்மேல் ஒன்று தலைவைத்துத் தூங்கின. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து மறுபடி ஊற்றினான்.

இப்படியே நாள் ஓடியது. கழிச்சல் நின்றது. கஞ்சி நாளுக்கு நாள் கொஞ்சம் கெட்டியானது. அதில் ஒரு கை தவிடு சேர்ந்தது. பிறகு வேகவைத்து மசித்த கிழங்கு சேர்ந்தது. பிறகு கீரை. மீந்ததை அவ்வப்போது வழித்து எடுத்தான். தொட்டியைத் தானே கழுவினான். கடைக்குட்டி முதலில் உட்கார்ந்தது, பிறகு நின்றது, பிறகு தொட்டியின் ஓரத்தில் தனக்கென்று ஒரு இடம் பிடித்தது. ஒருநாள் அந்த முரட்டுக் குட்டி அதன் இடத்துக்கு வந்தபோது, கடைக்குட்டி திருப்பி ஒரு முட்டு முட்டியது. வேள் அன்றைக்கு முழுவதும் காரணம் சொல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தான்.

பௌர்ணமி வந்தது. எயினி தன் ஆட்களோடு இறங்கி வந்தாள். வயல்காரர்கள் எல்லாம் வாய்க்கால் வரப்பை விட்டு வந்து கூடினார்கள். அவர்கள் பிழைப்பு அல்லவா அது. விருந்து நடக்கும் என்று மோப்பம் பிடித்த பாணர்களும் யாழைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

வேள் எல்லோர் முன்னாலும் “உர்... உர்...” என்றான். குட்டிகள் குதித்து ஓடிவந்து தொட்டியில் வரிசையாக நின்றன. எயினி எண்ணிப் பார்த்தாள். ஒன்றும் குறையவில்லை. கூட்டம் பெருமூச்சு விட்டது.

எயினி மட்டும் தலையை ஆட்டவில்லை. அவள் கைகாட்டியதும், அவள் ஆட்கள் பெரிய குடம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதில் தேனில் பிசைந்த தினைமாவு, மேலே கட்டிக் கட்டியாகப் பன்றி நெய்.

“வேளே, தொட்டி காலியாயிடுச்சு. குட்டிங்க கத்துதுங்க, காதுல விழலையா?” என்றாள். “நான் உன் வீட்டு விருந்தாளி. என் குட்டிங்களுக்கு ஆசையா நானே கொண்டுவந்தேன். இந்தக் குடத்தை அப்படியே தொட்டியில கொட்டு. விருந்தாளி கேட்டு நீ மறுத்ததே இல்லையாமே.”

ஒரு பக்கம் வயல்காரர்களின் வெளுத்த முகம். மலைத்தலைவியின் மனம் கோணினால் தண்ணீர் போச்சு. இன்னொரு பக்கம் பாணர்கள், யாழில் கைவைத்துக் காத்திருக்கிறார்கள். நடுவில் குட்டிகள், அவனையே பார்த்துக் கத்துகின்றன. கொட்டினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். அந்தக் காலையில் கையில் கிடந்த கனமில்லாத உடம்பை அவன் கை மறக்கவில்லை.

வாயைத் திறந்தான். சொல் வரவில்லை. பழக்கம் இல்லாத சொல். மறுபடி திறந்தான்.

“இல்லை,” என்றான் வேள்.

ஒரு பாணனின் விரல் யாழில் தவறி விழுந்து ஒரு நரம்பு முனகியது.

“என்ன சொன்னே?” என்றாள் எயினி.

“இல்லை, தாயி. இன்னைக்கு இல்லை. நாளைக்குக் கஞ்சியில ஒரு கை மாவு கலந்து பார்ப்பேன். வயிறு ஏத்துக்கிட்டா மறுநாள் ரெண்டு கை. ஒரேயடியாக் கொட்ட மாட்டேன்.”

“நான் கோவிச்சுக்கிட்டு மலைக்குத் திரும்பிட்டா?”

வேள் ஒரு கணம் வயல்காரர்களைப் பார்த்தான். ஆனாலும் தொட்டியை விட்டு அவன் நகரவில்லை. “இதுங்களை வளக்குறேன்னு உங்ககிட்ட வாக்குக் கொடுத்தேன். விருந்து வைக்கிறேன்னு கொடுக்கல. வாக்கைக் காப்பாத்துறேன். அப்புறம் உங்க இஷ்டம்.”

அப்போதுதான் எயினியின் முகத்தில் சிரிப்பு வந்தது.

“ஓடையை நான் எதுக்கு அடைச்சேன்னு இத்தனை நாள்ல நீ ஒருதடவைகூடக் கேக்கல, வேளே,” என்றாள். “போன வருஷம் தண்ணி விட்டேன். நீ மடையை முழுசாத் திறந்து விட்டே. முதல் வயல்காரன் ‘போதும், போதும்’னு கத்தினான், நீ விடல. அவன் நாத்து அழுகிப்போச்சு. கடைசி வயல்காரனுக்கு ஒரு சொட்டு வரல. அவன் கம்பைத் தூக்கிக்கிட்டு என் மலைக்கு ஏறி வந்தான், என் ஆளுங்க மண்டை உடைஞ்சுது. திறக்கத் தெரிஞ்சவன் கையில தண்ணியைக் கொடுத்து நான் பட்டது போதும். மூடத் தெரிஞ்சவனைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்.”

வேள் தலையைக் குனிந்துகொண்டான். கூட்டத்தின் பின்வரிசையில் நின்ற கடைசி வயல்காரன், அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் மூக்கை உறிஞ்சினான்.

அன்று மாலையே மலைமேல் பாறை புரண்டது. ஓடை சலசலத்து இறங்கியது. வேள் தானே மடைமேல் போய் நின்றான். முதல் வயலுக்குக் கொஞ்சம் விட்டு அடைத்தான். அடுத்ததுக்குக் கொஞ்சம் விட்டு அடைத்தான். ஒவ்வொரு முறை பலகையை இறக்கும்போதும் அவன் கை தயங்கியது, ஒவ்வொரு முறையும் இறக்கினான். தண்ணீர் கடைசி வயலுக்குப் போய்ச் சேர்ந்தபோது நிலா உச்சியில் இருந்தது. கடைசி வயல்காரன் வெடித்த மண்ணில் மண்டிபோட்டு, இரண்டு கையாலும் அந்தத் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தான்.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: கொடுக்கிறவன் மனம் நிறையக் கொடுப்பது தானம் ஆகாது, வாங்குகிறவன் வயிறு தாங்கும் அளவறிந்து கொடுப்பதே தானம்.